சாறேற்றமும் உணவுக் கடத்தலும்: ஆய்வு வரலாறு

வேர் உறிஞ்சும் நீர், அதில் கரைந்த கனிம உப்புகளுடன் தண்டின் வழியே இலைகளை அடைவது சாறேற்றம் எனப்படும். இலைகளில் ஒளிச்சேர்க்கையால் உருவான சர்க்கரை வேருக்கும் காய்க்கும் கிழங்குக்கும் வளர்நுனிக்கும் சென்று சேர்வது உணவுக் கடத்தல் எனப்படும். முதலாவதற்குரிய திசு சைலம், இரண்டாவதற்குரியது புளோயம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இவற்றைக் காழ், உரியம் என வழங்குகின்றன. சைலக் குழாய்கள் உள்ளடக்கம் முழுவதும் அழிந்து சுவர் மட்டும் எஞ்சிய இறந்த செல்களால் ஆனவை. புளோயத்தின் சல்லடைக் குழாய்களோ உட்கருவை இழந்த பின்னும், அருகிலுள்ள துணைச் செல்களின் துணையால் உயிரோடிருப்பவை. இந்த இரண்டு ஓட்டங்களும் வெவ்வேறு விசைகளால் நிகழ்கின்றன என்பதை உணர ஆய்வாளர்களுக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகள் தேவைப்பட்டன. விலங்குடலில் இதயம் இருப்பதுபோல் தாவரத்திலும் ஏதேனும் ஓர் உந்துறுப்பு இருந்தாக வேண்டும் என்ற எண்ணமே அத்தாமதத்திற்குப் பெரிதும் காரணமாயிற்று.

திசுக்களின் அமைவிடம் எல்லாத் தாவரங்களிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மா, வேம்பு, புளி போன்ற இருவிதையிலைத் தாவரங்களில் சைலம் உள்ளேயும் புளோயம் வெளியேயும் வளையமாக அமைய, இரண்டுக்கும் நடுவே கேம்பியம் என்னும் வளர்திசு இருந்து ஆண்டுதோறும் புதிய அடுக்குகளை உருவாக்குகிறது; பட்டையை உரிக்கும்போது புளோயமும் உடன் நீங்கிவிடுகிறது. பனை, தென்னை, மூங்கில் போன்ற ஒருவிதையிலைத் தாவரங்களில் இரு திசுக்களும் சேர்ந்த கற்றைகள் தண்டெங்கும் சிதறிக் கிடப்பதோடு, விளிம்பை நோக்கி நெருங்கியும் அமைவதால் தண்டின் புறப்பகுதியே வைரம் பாய்ந்திருக்கும். உள்ளமைப்பை நுண்ணோக்கியால் காண வழியில்லாத காலத்திலேயே தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் பிரித்தது; உரையாசிரியர்கள் தெங்கையும் பனையையும் முதல் வகையில் சேர்த்தனர். பயன்பாட்டின் வழியே பெற்ற அறிவு என்றாலும், அப்பகுப்பு கற்றைகளின் அமைப்போடு பெரிதும் பொருந்துகிறது.

ஐரோப்பாவில் இக்கேள்வி கூர்மை பெற்றது 1628இல் வில்லியம் ஹார்வி இரத்த ஓட்டத்தை விளக்கிய பிறகே ஆகும். இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி 1675இலும் 1679இலும் இரு பகுதிகளாக வெளியான தம் தாவர உள்ளமைப்பு நூலில், தண்டைச் சுற்றிப் பட்டையை வளையமாக நீக்கினால் வளையத்துக்கு மேற்பகுதி வீங்குவதைப் பதிவுசெய்து, இலைகளில் பக்குவப்பட்ட சாறு பட்டையின் வழியே கீழிறங்குகிறது என்று முடிவு கண்டார். மரத்தோட்டக் கலையில் இன்று மாதுளை, கொய்யா ஆகியவற்றின் கிளைகளில் செய்யப்படும் விண்பதியம் இந்த அடிப்படையில்தான் இயங்குகிறது: வளையத்துக்கு மேலே தேங்கும் உணவும் வளர்ச்சி ஊக்கியும் அங்கே புதிய வேர்களைத் தோற்றுவிக்கின்றன. மால்பிகியின் சமகாலத்தவரான இங்கிலாந்தின் நெகேமியா குரூ 1682இல் வெளியிட்ட நூல் திசுக்களின் படங்களால் சிறப்புற்றதாயினும், சாறு எதனால் ஏறுகிறது என்பதற்கு அதில் நிறைவான விடை இல்லை.

விடையை அளவீட்டின் வழியே தேடிய முதல்வர் டெடிங்டன் ஊரின் பங்குத் தந்தையாயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். 1727இல் வெளிவந்த அவருடைய தாவர நிலையியல் நூல் இத்துறையின் உண்மையான தொடக்கம் எனத் தகும். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியின் மண்பரப்பை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் எடைபோட்டு, இலைகளின் வழியே ஆவியாகும் நீரின் அளவை அவர் கணக்கிட்டார். உடற்பருமனைச் சமமாக்கி ஒப்பிட்டால் அச்செடி மனிதனைப்போல் 17 மடங்கு நீரை வெளியேற்றுகிறது என்று கண்டார். வெட்டிய திராட்சைக் கொடியின் அடித்தண்டில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, வேரிலிருந்து எழும் அழுத்தத்தையும் அளந்தார். குதிரையின் இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவரும் இவரே. ஆயினும், அல்லது அதனாலேயே, தாவரச் சாறு இரத்தத்தைப்போல் சுற்றி வருவதில்லை என்று அவரால் உறுதியாகக் கூற முடிந்தது. நீர் ஏறுவதற்கு இலைகளின் நீராவிப்போக்கே முதன்மைக் காரணம் என்ற அவருடைய கருத்து சரியானது. ஆனால் அந்த இழுப்பு நீரின் வழியே எவ்வாறு கீழே கடத்தப்படுகிறது என்பதை விளக்கும் இயற்பியல் அப்போது இல்லை.

இடர்ப்பாடு உயரத்தில் இருந்தது. வளிமண்டல அழுத்தம் நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் உயர்த்தாது. நுண்புழையேற்றம், சைலக் குழாயின் விட்டத்தைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு மீட்டரைத் தாண்டுவதே அரிது. வேரழுத்தம் பல மரங்களில் கோடையில் காணப்படுவதே இல்லை. எனவே தண்டின் உயிருள்ள செல்களே நீரைப் படிப்படியாக இறைத்து மேலேற்றுகின்றன என்ற கொள்கையை 1880களில் வெஸ்டர்மையரும் கோட்லெவ்ஸ்கியும் முன்வைத்தனர். பான் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் இதைச் சோதித்தார்: 20 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஓக் மரத்தை அடியில் அறுத்து, வெட்டுமுகத்தைப் பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தியபோது, நஞ்சு வழியிலுள்ள உயிர்ச் செல்களைக் கொன்றபடியே உச்சி வரை ஏறியது, அதன் பின்னும் நீரேற்றம் தொடர்ந்தது. உந்துறுப்பு என ஒன்று தண்டில் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஸ்ட்ராஸ்பர்கரின் ஆய்வைப் பான் நகரில் அறிந்துவந்த ஹென்றி டிக்சனும், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அவருடன் பணியாற்றிய இயற்பியலாளர் ஜான் ஜோலியும் 1894–95இல் பிணைவிழுவிசைக் கொள்கையை வெளியிட்டனர். இலைச் செல்களின் சுவர்களிலுள்ள மிக நுண்ணிய துளைகளில் நீர் ஆவியாகும்போது எஞ்சிய நீர்ப்பரப்பு உள்வளைந்து பின்னுள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்பதால் இலை முதல் வேர் வரை தொடர்ந்த நீர்த்தம்பம் முழுவதும் இழுவிசைக்கு உள்ளாகி மேலேறுகிறது. இதற்கான ஆற்றல் கதிரவனுடையது. தாவரம் செலவிடுவது ஏதுமில்லை என்றே கூறலாம். வறட்சி மிகும்போது தம்பம் அறுந்து குழாயில் காற்றுக்குமிழி புகுவது இம்முறையின் தவிர்க்க முடியாத இடர்; பக்கக் குழாய்களுக்குக் குமிழி பரவாமல் செல்சுவர்க் குழிகளின் சவ்வுகள் தடுக்கின்றன.

இக்கொள்கைக்கு எதிராக எழுந்த குரல்களுள் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ் உடையது குறிப்பிடத்தக்கது. 1917இல் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்தில், மின்ஆய்வுக் கம்பியைத் தண்டுக்குள் சிறிது சிறிதாகச் செலுத்தி, புறணியின் உள்ளடுக்குச் செல்கள் துடிப்பதாகவும் அத்துடிப்பே சாற்றை ஏற்றுவதாகவும் 1923இல் வெளியிட்ட நூலில் அவர் வாதிட்டார். ஸ்ட்ராஸ்பர்கரின் நச்சுச் சோதனைக்கு முன் இவ்விளக்கம் நிற்கவில்லை. எனினும் தாவரங்கள் தூண்டலுக்கு மின்குறிகளால் விடையளிக்கின்றன என்ற அவருடைய மற்றொரு முடிவு இன்று நிலைபெற்றிருக்கிறது. அவர் வடித்த கருவிகளின் நுட்பத்தை, ஒரு விளக்கம் பிழைபட்டதால் குறைத்து மதிப்பிடுவது நீதியாகாது. 1965இல் பெர் ஷோலாண்டரும் குழுவினரும் உயர்ந்த ஊசியிலை மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, அழுத்தக் கலத்தில் வைத்து அளந்தபோது, சைலத்தில் இழுவிசை இருப்பதும் அது உயரத்தோடு மிகுவதும் தெரியவந்தன.

உணவுக் கடத்தலின் வரலாறு இதற்குப் பிந்தியது. சல்லடைக் குழாய்களை ஜெர்மானிய வனவியலாளர் தியோடர் ஹார்டிக் 1837இல் விவரித்திருந்தும், அவற்றுள் சர்க்கரை நகரும் விதம் அடுத்த நூற்றாண்டு வரை விளங்கவில்லை. டிரினிடாடில் பருத்திச் செடிகளை ஆராய்ந்த மேசனும் மாஸ்கெலும் 1928இல், சர்க்கரை செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்கிறது என்றும் அதன் வேகம் எளிய பரவலால் விளங்காத அளவுக்குப் பெரிது என்றும் காட்டினர். 1930இல் எர்ன்ஸ்ட் முன்ச் தம் நூலில் விரித்துரைத்த அழுத்த ஓட்டக் கொள்கை இதற்கு விடை தந்தது: இலையில் சர்க்கரை ஏற்றப்பட்ட சல்லடைக் குழாய்க்குள் சவ்வூடுபரவலால் அருகிலுள்ள சைலத்தின் நீர் புகுந்து அழுத்தத்தைக் கூட்ட, சர்க்கரை இறக்கப்படும் வேர் அல்லது காயில் அழுத்தம் குறைய, சாறு முழுவதும் அத்திசையில் நகர்கிறது. சைலத்தில் நீர் இழுக்கப்படுகிறது, புளோயத்தில் சாறு தள்ளப்படுகிறது.

சல்லடைக் குழாயைக் குத்தினால் அது உடனே அடைத்துக்கொள்வதால் தூய சாற்றைப் பெறுவது அரிதாயிருந்தது. அசுவினிப் பூச்சி தன் ஊசி போன்ற வாயுறுப்பை ஒற்றைச் சல்லடைக் குழாய்க்குள் செலுத்தியிருக்கும்போது, உடலை வெட்டி நீக்கினால் எஞ்சிய ஊசியின் வழியே சாறு தானாக மணிக்கணக்கில் கசிகிறது என்பதை 1953இல் கென்னடியும் மிட்லரும் பயன்படுத்தினர். குழாய்க்குள் உயர் அழுத்தம் இருப்பதற்கு இக்கசிவே சான்று. ஆய்வுக்கூடங்கள் அரிதாகப் பெற்ற இச்சாற்றைப் பனையேறிகள் நெடுங்காலமாகக் கலயங்களில் இறக்கிவந்துள்ளனர்: பதநீர் என்பது பனம்பாளையின் புளோயச் சாறே. பாளையை நாள்தோறும் மெல்லிதாகச் சீவாவிட்டால் வெட்டுமுகம் அடைபட்டு ஊறல் நின்றுவிடும்; கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது அதிலுள்ள சர்க்கரை நொதித்துக் கள்ளாகாமல் காப்பதற்காகும்.

முன்ச்சின் கொள்கை நெடிய தண்டுகளுக்கும் பொருந்துமா என்ற ஐயம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 2016இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் நோபிளாக்கும் குழுவினரும், 7 மீட்டருக்கு மேல் வளர்ந்த காக்கட்டான் இனக் கொடியில் சல்லடைக் குழாய்களின் அழுத்தத்தை அளந்து, கொடி நீளும்போது குழாய்களின் கடத்துதிறனும் அழுத்தமும் உயர்கின்றன என்றும், அழுத்த ஓட்டத்துக்கு அவை போதுமானவை என்றும் நிறுவினர்.