மான் வாய் வைக்காத வாசனைச் செடிகள்: நரிக்குடி பக்கம் வீட்டுத் தோட்டத்தில் எதை வைக்கலாம்?

சாயங்காலம் மொட்டுவிட்டிருந்த மல்லிச் செடி, காலையில் வெறும் குச்சியாக நிற்கிறதா? ஆடு, மாடுதான் காரணம் என்றில்லை. நரிக்குடி, திருச்சுழி வட்டாரத்தில் சீமைக்கருவேலங்காட்டில் தங்கும் புள்ளிமான்கள், கோடையில் இரையும் தண்ணீரும் தேடி ஊர் ஓரம் வரை வந்துவிடுகின்றன. இளம் தளிர் என்றால் விடாது.

இங்கே ஒரு விஷயம் புரியணும். பூ மணப்பதால் செடி தப்பிக்காது. இலைதான் கசக்கணும், இல்லை காரமாக நெடி அடிக்கணும். மல்லிகைக்குப் பூவில் மட்டும்தான் வாசனை. அதனால் அதை உள்ளே வைத்து, சுற்றிலும் இலையில் நெடியுள்ள செடிகளை வேலியாக நிறுத்துவதுதான் வழி.

எந்தச் செடிகள்?

முதலில் ஆடாதொடை. 'ஆடு தொடாத இலை' என்று பேரிலேயே விஷயம் இருக்கிறது. இருமல் கஷாயத்துக்குப் போடுவோமே, அதே செடிதான். வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும்.

அடுத்து நொச்சி. ஆவி பிடிக்கப் பயன்படும் இந்த இலையைக் கசக்கினாலே மணம் தூக்கும். பென்சில் தடிமனில் ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும், நாற்றுக்குக் காசு செலவில்லை. கடும் வறட்சியில் கொஞ்சம் இலை உதிர்க்கும், மழை பெய்ததும் துளிர்த்துவிடும்.

கிணற்றுத் தண்ணீர் உப்பா? கடலோரத்திலேயே வளரும் சங்கங்குப்பி கைகொடுக்கும். நெருக்கமாகக் கத்தரித்தால் சுவர் மாதிரி அடர்ந்துவிடும். வெள்ளைப் பூவில் லேசான மணமும் உண்டு.

அரளி வறட்சியை நன்றாகத் தாங்கும், சில ரகங்களில் பூவும் மணக்கும். ஆனால் வேர் முதல் விதை வரை விஷம். சின்னக் குழந்தைகளோ கறவை மாடோ இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். வெட்டிய கிளையை அடுப்பில் எரிக்கவும் கூடாது, புகையும் ஆபத்து.

எப்போது, எப்படி?

வடகிழக்குப் பருவமழைதான் இந்தப் பகுதிக்கு உயிர். புரட்டாசிக் கடைசி, ஐப்பசியில் நட்டால் மழையிலேயே வேர் பிடித்துவிடும். இரண்டு, மூன்று அடி இடைவெளியில் இரண்டு வரிசை. முன் வரிசைச் செடிகளுக்கு நடுவில் விழும் சந்துக்கு நேராகப் பின் வரிசைச் செடி வரணும். கரிசல் மண் கோடையில் வெடிக்கும் என்பதால் தூரைச் சுற்றிச் சருகு மூடாக்கு அவசியம். முதல் கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால், பிறகு பெரிதாகக் கவனிப்பு தேவைப்படாது. மல்லிக்குத்தான் குடத்தைத் தூக்கணும்.

முழுப் பாதுகாப்பா?

இல்லை. பசி முற்றிய மான் எதையும் கடித்துப் பார்க்கும். வேலி அடர்ந்து வளரும் வரை மல்லியைச் சுற்றி முள் படலோ பழைய மீன் வலையோ கட்டி வைப்பது நல்லது. வலை தொளதொளவென்று தொங்கினால் மானின் கால் சிக்கும், இழுத்துக் கட்டணும். கண்ணி வைப்பது, வீட்டுக் கரன்டை வேலிக் கம்பியில் கொடுப்பது போன்றவற்றை நினைத்தும் பார்க்கக் கூடாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கு பாயும். அதைவிட, இருட்டில் அந்தக் கம்பியை மிதிப்பது பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.