உறைபனியும் இருவகைப் புல்லும்

குளிர் வருமுன் வீட்டை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது பற்றித் தமிழில் விரிவாகப் பேசும் பழைய நூல் நெடுநல்வாடை. கூதிர் இறங்கியதும் அங்கே விசிறிகள் பயனற்றுத் தொங்குகின்றன. அவற்றில் சிலந்தி நூல் கட்டுகிறது. சந்தனம் அரைக்கும் கல்லுக்கு வேலையில்லை. சாளரக் கதவுகள் தாழிடப்படுகின்றன. குவிந்த வாய்ச் செம்பில் குளிர்ந்த நீரை யாரும் தேடவில்லை. முதியோரும் இளையோரும் தடவு எனப்படும் கணப்புச் சட்டியைச் சூழ்ந்துகொள்கின்றனர். வகுப்பில் இப்பகுதியைப் பலமுறை நடத்தியிருக்கிறோம். ஆயினும் நக்கீரர் காட்டும் நகருக்கு வாடை தெரியும், மழை தெரியும். தரையில் நீர் வெண்மணலாய் உறைவது தெரியாது. முன்பனி, பின்பனி என்று பொழுதுகளைப் பகுத்த மொழியிலும், பெரும்பாலான பாடல்களில் பனி என்பது இலைநுனியில் நிற்கும் நீர்த்துளியே. மண்ணைக் கருக்கும் பனியைக் காண மலையேறத்தான் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் மாணவர்களோடு உதகைக்குச் சென்றிருந்தோம். தாவரவியல் பூங்காவுக்குள் நுழைந்தது பொழுது புலர்ந்து சற்று நேரத்தில். பெரிய புல்தரையின் தாழ்ந்த பகுதி உப்பு விரித்ததுபோல் கிடந்தது. அதன்மேல் கால்வைக்கப் போன ஒரு மாணவரைப் பணியாளர் ஒருவர் கூவித் தடுத்தார். "சார், மிதிக்க விடாதீங்க. இப்ப மிதிச்சா அடி பட்ட எடமெல்லாம் கருத்துப்போயிடும்" என்றார். உறைந்த புல்லின் தாள் கண்ணாடிபோல் நொறுங்கும். பனி உருகிய பின் காலடித் தடம் கரும்புள்ளியாய்ப் பல நாள் நிற்கும் என்று விளக்கினார். வெயில் ஏறுமுன் தெளிப்பான்கள் சுழலத் தொடங்கின. உறைந்த தாளைச் சுடுவெயில் சடுதியில் உருக்குவது கேடு. நீர் தெளித்து முன்னதாகவே மெல்லக் கரைத்துவிட்டால் புல் பிழைக்கும்.

சற்றுத் தள்ளி, மலர் நாற்றுகள் இருந்த பாத்திகளின்மேல் காய்ந்த தழைக்கொத்துகள் கூரைபோல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கொண்டுவரும் மிலார் என்னும் செடி அது. மெல்லிய கொம்பைக் குறிக்கும் மிலாறு என்ற பழஞ்சொல் நினைவுக்கு வர, மாணவர்களிடம் அதைச் சொல்லி மகிழ்ந்தோம். அவர்களோ குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தனர். நாற்றுகளுக்கு இந்தப் போர்வை எதற்கு என்றால், மே மாத மலர்க்காட்சிக்கு. 1896 முதல் நடந்துவரும் அக்காட்சிக்கான விதைகள் குளிர்காலத்திலேயே இடப்பட்டாக வேண்டும். ஆக, கோடையில் வருவோர் கண்ணுக்கு இனிய பசுமை, பனிக்காலத்தில் யாரோ விடியுமுன் எழுந்து காத்துத் தந்தது.

இப்புல்தரை எங்கிருந்து வந்தது? 1847இல் உதகைவாழ் ஆங்கிலேயர் தமக்கு மலிவாகக் காய்கறி கிடைக்கவேண்டுமென்று பணம் திரட்டித் தொடங்கிய தோட்டமே பூங்காவின் மூலம். மறு ஆண்டு கியூ தோட்டத்தில் பயின்ற மெக்கைவர் வந்தார். சதுப்பும் சரிவுமாய்க் கிடந்த இடத்தைத் திருத்திப் படிப்படியாய் அமைத்தவர் அவரே. அவர் பிறந்த தீவில் அக்காலத்தில் புல்தரை ஒரு புதுவாழ்வு பெற்றிருந்தது. அதுவரை ஆட்டு மந்தையோ, பனி ஈரம் காயுமுன் நீள் அரிவாள் வீசும் ஆட்களோ இல்லாமல் ஒட்ட வெட்டிய புல் கிடையாது. எனவே அது பெருஞ்செல்வர் உடைமை. 1830இல் எட்வின் பட்டிங் என்பவர் குளௌசெஸ்டர்ஷயரின் ஸ்ட்ரௌட் பகுதியில் புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலைப்பொறி ஒன்றே அவருக்கு வழிகாட்டியது. தரையையும் ஒரு கம்பளமாகக் கருதிய மனம்! மிதமான குளிரும் ஓயாத தூறலும் உள்ள இங்கிலாந்தில் அக்கம்பளம் தானே பசுமையாய்க் கிடக்கும். உதகையின் தட்பம் தாய்நாட்டை நினைவூட்டியதால் அதையே இங்கும் விரிக்க விரும்பினர்.

ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த மலை ஏற்கெனவே புல்லால் ஆனது. நம் கதையின் விசித்திரம் இதுதான்.

கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மேலேறிப் பார்த்ததும், 1822இல் உதகையில் தமது கல் வீட்டைக் கட்டத் தொடங்கியதும் பலரும் அறிந்த செய்திகள். அன்று நீலகிரியின் உயர்மேடு முழுவதும் அலையலையான புல்வெளி. நீரோடும் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு. குன்றெல்லாம் மொட்டையாய், பள்ளமெல்லாம் அடர்காடாய் ஏன் இருக்கிறது என்பது வந்தவர்களுக்குப் புதிராக இருந்தது. யாரோ காட்டை அழித்ததால் வந்த வெறுநிலம் என்றே பலர் எண்ணினர். இக்கருத்து நெடுங்காலம் நீடித்தது. உதகையை அடுத்த சாண்டிநல்லாவின் சதுப்பில் அடுக்கடுக்காய்ப் படிந்து மக்கிய தாவரக் கரியை ஆராய்ந்து, இரா. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றைக் காட்டியது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே புல் இருந்திருக்கிறது. மலையின் தட்பவெப்பம் மாறமாறப் புல்லும் மரமும் ஒன்றையொன்று தள்ளியும் விட்டுக்கொடுத்தும் வாழ்ந்திருக்கின்றன.

இதில் உறைபனிக்கும் ஒரு பங்குண்டு என்பது ஆய்வாளர் பலர் கருத்து. முகிலற்ற, காற்றடங்கிய இரவில் திறந்த தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது; வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆளுயரத்தில் வெப்பமானி சுழிக்கு மேலே காட்டும்போதே புல்நுனி உறைந்துவிடும். திறந்தவெளியில் முளைத்த சோலைமரக் கன்று இத்தகைய இரவுகளைத் தாங்குவதில்லை. புல் தாங்கும், மேலே கருகினாலும் அதன் உயிர் மண்ணோடு ஒட்டியிருக்கிறது. எந்தப் பனியிலிருந்து பூங்காவின் புல்தரையைக் காக்கத் தெளிப்பான் சுழல்கிறதோ, அந்தப் பனிதான் மலையின் பழம்புல்லை மரத்திடமிருந்து காத்துவந்தது.

அப்புல்லை ஒருவரும் பேணவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. தோடர்கள் தம் எருமைகளுக்காக, முற்றிக் காய்ந்த புல்லைப் பருவமறிந்து தீயிட்டனர். சாம்பலிலிருந்து இளந்தளிர் எழும். பனி பட்டுப் புல் வறண்ட மாதங்களில், ஈரம் மிகுந்த மேற்குப் பகுதியின் மேய்ச்சல் நிலங்களுக்கு எருமைகளோடு இடம்பெயர்ந்தனர். அரைவட்டமாய் வளைந்து தரைவரை இறங்கும் கூரையுள்ள அவர்களது வீட்டைப் படத்திலேனும் நாம் பார்த்திருப்போம். தவழ்ந்தே நுழையக்கூடிய சிறுவாயில், அதற்கு நகர்த்தி அடைக்கும் பலகை, சாளரம் இல்லை. காற்றுக்கும் குளிருக்கும் இடங்கொடாத அந்த அமைப்பில் உள்ளே மூட்டும் சிறுதீயே போதுமானது. மூங்கிலும் பிரம்பும் சட்டகம் என்றால், போர்வை மலைப்புல்தான். படகர் ஊர்களான ஹட்டிகளில் வீடுகள் பக்கச்சுவர் ஒட்டி வரிசையாக நிற்பதும் குளிருக்கு நல்ல காப்பே.

ஆங்கிலேயரின் பங்களா இதற்கு நேர்மாறு. உயர்ந்த கூரை, அகன்ற கண்ணாடிச் சாளரம், அறைக்கொரு கணப்பு. அத்தனை கணப்புக்கும் விறகு வேண்டுமல்லவா? முதலில் வெட்டப்பட்டது சோலை. மிக மெதுவாக வளரும் அம்மரங்கள் ஊரின் பசிக்கு ஈடுகொடுக்கவில்லை. சில பதிற்றாண்டுகளிலேயே விறகுத் தட்டுப்பாடு வந்தது. அப்போதுதான் ஆஸ்திரேலியாவிலிருந்து விரைந்து வளரும் மரங்கள் வந்தன. மலைமக்கள் கற்பூர மரம் என்று அழைக்கும் தைலமரம் 1840களில் நடப்பட்டது. சீகை மரமும் அதே காலத்தை ஒட்டி வந்ததே. பின்னர் விறகுக்கென்றே அரசும் தோட்டங்கள் எழுப்பியது. எங்கே? 'வெறுநிலம்' என்று கருதப்பட்ட புல்வெளியில். நீலகிரித் தைலம் என்று நாம் தடுமனுக்குத் தேய்த்துக்கொள்வது ஆஸ்திரேலிய மரத்தின் சாறு என்பதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் இன்றும் நம்புவதில்லை.

சல்லிவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அம்மலையில் தோடருக்கு நிலவுரிமை உண்டென்று அரசோடு வழக்காடியவரும் அவரே. அக்குரல் அதிகம் எடுபடவில்லை. 1870இல் சென்னை அரசு உதகையை முறைப்படி கோடைத் தலைநகராக்கிக்கொண்டது. கோடை முடிந்து துரைமார் கீழிறங்கிய பின் பனிக்காலத்தில் பங்களாவையும் புல்தரையையும் பார்த்துக்கொள்வது காவற்காரர், தோட்டக்காரர் பாடு.

விடுதலைக்குப் பிறகும் இக்கதை திசைமாறவில்லை, வேகமே கூடியது. தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கைப்பட்டு ஆலைகளின் கூழுக்காகவும் சீகையும் தைலமரமும் மேலும் பல்லாயிரம் ஏக்கரில் பரவின. சீகை நட்ட இடத்தில் நில்லாது. அதன் விதை மண்ணில் பல ஆண்டு உறங்கி, வெட்டியதும் ஆயிரமாய் முளைக்கும். முக்குருத்தி தேசியப் பூங்காவில் வரையாடுகளின் மேய்ச்சலுக்காக வனத்துறையினர் அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போராடுகின்றனர். ஆப்பிரிக்க மேட்டுநிலத்துக் கிக்கூயூப் புல் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. படர்தண்டு ஓட்டி அடர்ந்து மெத்தென்று பரவுவதால் புல்தரைக்கு ஏற்றது. அதனாலேயே வேலி தாண்டியும் பரவி, சதுப்போரப் பழம்புற்களை மூடிவிடுகிறது. தோடர்தம் பால்மனைக் கோயில்களுக்குக் கூரை வேய்வது சதுப்பில் வளரும் ஒருவகைப் புல்லால். கூரை புதுப்பிக்கும் பருவம் வந்தால் அதற்காக இன்று அவர்கள் நெடுந்தொலைவு அலையவேண்டியுள்ளது. புல்மலையில் புல்லுக்குப் பஞ்சம்!

மரவிறகு எரியும் கணப்புகள் இப்போது அருகிவிட்டன. ஆனால் நெடுநல்வாடையின் தடவு, கரியடுப்பாக மலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சாளர இடுக்கெல்லாம் அடைத்து, உள்ளே கரியடுப்பை வைத்து உறங்கியவர்கள் மறுநாள் எழாமற்போன செய்தி குளிர்காலத்தில் அவ்வப்போது மலைநகரங்களிலிருந்து வருகிறது. புகையில்லாத கனலில்தான் நச்சுக்காற்று மணமின்றி இருக்கும் என்பதைச் சமவெளியிலிருந்து போகும் நம்மவர்கள் அறிவதில்லை. அன்று நாங்கள் தங்கிய விடுதியிலும் இரவு ஒரு கரிச்சட்டி கொண்டுவந்து வைத்தார்கள். சமையற்கட்டு அம்மாள்தான் பின்னாலேயே வந்து, படுக்குமுன் அதை வெளியே வைத்துவிடும்படி இருமுறை சொல்லிப் போனார்.

பூங்காவைவிட்டு வெளியேறும்போது அப்பணியாளரிடம், இந்தப் புல் இவ்வூர்ப் புல்தானா என்று கேட்டோம். தெளிப்பானின் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், "இது வெளியூர்ப் புல்லு சார், அதான் இவ்வளவு செல்லம். நம்மூர்ப் புல்லு மேல, அவலாஞ்சிப் பக்கம் போனா கொஞ்சம் கெடக்கு. அதுக்குத் தண்ணியும் வேணாம், மிலாரும் வேணாம்" என்றார்.