கரண்டும் சலானும்: முனிர்காவில் ‘கட்’

டெல்லியின் வெளிவட்டச் சாலையில் முனிர்கா கிராமமும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமும் ஒரு பக்கம், தமிழ்ச் சங்கமும் மலை மந்திரும் உள்ள ராமகிருஷ்ணபுரம் மறுபக்கம். நடுவே நீளும் தடுப்புச் சுவரில் வண்டி திரும்புவதற்கு விட்ட இடைவெளிக்கு இந்த ஊரில் ‘கட்’ என்று பெயர். ஆட்டோக்காரரிடம் ‘அக்லே கட் ஸே’ என்றால் போதும், அடுத்த இடைவெளியில் திருப்பிவிடுவார். சென்னை ஆட்டோவிலும் இதே சொல் உண்டு: ‘லெஃப்ட்ல கட் பண்ணுங்க.’ அங்கே அது செய்யும் வேலை, இங்கே அது ஓர் இடம். ஒரே ஆங்கிலச் சொல் இரு மொழிகளில் இப்படி வேறு வேறு வழியில் போனதற்குக் காரணம், அது வந்து சேரும் முன்பே அந்த மொழிகளில் இருந்த சொற்கள்தாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஓசை. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்த மொழியிறுதி விதி அது. அதனால்தான் கடன்சொற்கள் உகரம் ஏற்று நோட்டு, கேட்டு, லேட்டு என்று ஆகின்றன. ‘கட்’டும் அப்படி ஆனால் ‘கட்டு’ என்று வரும், பொருளோ நேர் எதிர். பிரிப்பதற்கு வந்த சொல் பிணைப்பதற்கான சொல்லோடு மோதுகிறது! பேச்சில் ‘பவர் கட்டு’ என்று உகரம் ஒட்டிக்கொள்வதும் உண்டுதான். ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. தமிழ் வினை ‘கட்டினான், கட்டுவாள்’ என்று தானே விகுதி ஏற்கும், கடன்சொல் ஏற்காது. மின்வாரிய ஊழியர் கரண்டைக் ‘கட்டினார்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘கட் பண்ணினார்’ என்றுதான் சொல்வார்கள்.

‘பண்ணு’ போன்ற துணைவினைகளில்தான் விஷயமே இருக்கிறது. ‘கரண்ட் கட் ஆயிடுச்சு’ என்பதில் குற்றவாளி இல்லை. அது மழை மாதிரி தானாக நடந்தது. ‘கரண்டைக் கட் பண்ணிட்டாங்க’ என்றால் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார். பில் கட்டாத கதையும் இருக்கலாம். ‘கிளாஸ் கட் அடிச்சான்’ என்பதிலோ ஒரு குறும்பு, கொஞ்சம் வீரமும்கூட. காப்பி அடிப்பது, சைட் அடிப்பது, பங்க் அடிப்பது ஆகிய எல்லாவற்றிலும் இதே ‘அடி’தான். ஆகு, பண்ணு, அடி என்ற மூன்றும் வினைமுதல் யார், அவர் மனநிலை என்ன என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகின்றன. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாக இருந்தது தமிழில் மூன்று வினைகளாகிவிட்டது.

இத்தனை இடம் அதற்கு எப்படிக் கிடைத்தது? தமிழின் சொந்தச் சொற்கள் பெரும்பாலும் கருவியோடும் பொருளோடும் ஒட்டியவை. மரத்தை வெட்டுவோம், கதிரை அறுப்போம், துணியைக் கத்தரிப்போம், கீரையை அரிவோம், காயை நறுக்குவோம். கத்தியே படாத பிரிவுகள், அதாவது தொலைபேசி இணைப்பு, மின்சாரம், வகுப்பு, சம்பளப் பிடித்தம் போன்றவை, பொதுச் சொல் ஒன்றுக்குக் காத்திருந்தன. ‘துண்டி’ இருந்தது, ஆனால் அது கடிதத்துக்கும் நோட்டீசுக்கும் உரியதாகவே நின்றுவிட்டது. செய்தித்தாள் தமிழ் ‘மின்வெட்டு’ என்றது. 2012இல் தமிழகத்தின் பல மாவட்டங்கள் மணிக்கணக்கில் இருண்டு கிடந்தபோது தலைப்புகளில் அந்தச் சொல்தான் நின்றது, வீட்டிலோ ‘கரண்ட் கட்’.

மறுப்பு ஒன்று எழும். நகரத்துச் சமையலறைகளில் இப்போது ‘வெங்காயம் கட் பண்ணு’ என்றும்தானே சொல்கிறார்கள்? உண்மைதான். ஆனால் அது இந்த வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. அரிவாள்மணை மூலைக்குப் போய்க் கத்தியும் பலகையும் வந்தபோது, அந்தக் கருவியோடு ஒட்டியிருந்த ‘அரி’யும் தளர்ந்தது. ஆங்கிலத்துக்கும் இது நேர்ந்ததுதான். ‘கட்’ அங்கேயே மூத்த குடி அல்ல. 13ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது, மூலமும் உறுதியாகவில்லை. அதற்கு முன் பொதுச் சொல்லாக இருந்த ‘சியோர்ஃபன்’ இன்று ‘கார்வ்’ என்ற வடிவில் மரச் சிற்பத்துக்கும் விருந்து இறைச்சிக்கும் சுருங்கிவிட்டது.

இந்தியில் கதை வேறு. அங்கே ‘கட்னா’, ‘காட்னா’ என்ற சொந்த வினைகள் ஏற்கெனவே வீடு நிறைய இருந்தன. அவை சமஸ்கிருத ‘க்ருத்’ வேரிலிருந்து பிராகிருதம் வழியாக வந்தவை. ஆங்கிலச் சொல்லோடு ஓசை ஒத்தது தற்செயல். தொலைபேசி ‘கட் கயா’ என்று டெல்லிக்காரர் சொல்வது அசல் இந்தி. ஆகவே ஆங்கில ‘கட்’டுக்கு வினையில் வேலை இல்லை; சாலைத் தடுப்பின் இடைவெளி போல ஆளில்லாத பெயர்ச்சொல் இடங்களில்தான் அது குடியேற முடிந்தது. மின்சாரத்திலோ டெல்லியில் ‘கட்’டே வேண்டியதில்லை. ‘லைட் சலீ கயீ’, விளக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இரு மொழிகளும் உரசும் இடம் சலான், அதாவது போக்குவரத்து அபராதச் சீட்டு. சிக்னலைத் தாண்டியவருக்கு டெல்லியில் சலான் ‘கட்’டும், ரசீதைப் புத்தகத்திலிருந்து கிழித்துத் தந்த காலத்தின் தடம் அது. சென்னையில் ஃபைன் ‘போடு’வார்கள். முனிர்காவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ‘சலான் கட் ஆயிடுச்சு’ என்றால், திருச்சியில் இருக்கும் தாத்தா அபராதம் ரத்தாகிவிட்டது என்று மகிழக்கூடும். பிள்ளை சொன்னது இந்தி வினை. தாத்தா கேட்டது ஆங்கிலக் கடன்சொல். ‘ஆயிடுச்சு’ மட்டும் தமிழ்.

தமிழும் பெயர்ச்சொல்லாக்கத்தில் சளைத்ததில்லை. சென்னையில் பாதி வழியோடு திரும்பும் பேருந்து ‘கட் சர்வீஸ்’. டாஸ்மாக் வாசலில் 180 மில்லி குவார்ட்டரை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு ‘கட்டிங்’. புஷ்கர்–காயத்ரி 2010இல் எடுத்த ‘வ குவார்ட்டர் கட்டிங்’ படத்தின் பெயரை எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒப்பந்தத் தொகையிலிருந்து கைமாறும் கமிஷனும் ‘கட்டிங்’தான். மும்பையில் அதே வடிவம் அரை கிளாஸ் தேநீரைக் குறிக்கிறது. அங்கே அதைக் கேட்பவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.