திரும்பப் பெற்ற மாற்றமும் அழியாத வரலாறும்

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கிய எஸ்.சி.சி.எஸ்., 1982இல் வால்டர் டிக்கி வெளியிட்ட ஆர்.சி.எஸ். ஆகிய தொடக்ககாலக் கருவிகளில் நிரலின் மாற்றப் பதிவேடு ஓரிடத்திலேயே இருந்தது. 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னல் பணிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கத் தொடங்கிய கிட், முழு வரலாற்றையும் ஒவ்வொருவர் கணினியிலும் வைத்தது. அதனால் தவற்றைத் திரும்பப் பெறுவதன் பொருளும் வேறாயிற்று.

கிட்டில் ஒவ்வொரு கமிட்டின் அடையாளமும் அதன் உள்ளடக்கத்தோடு முந்தைய கமிட்டின் அடையாளத்தையும் சேர்த்தே கணிக்கப்படுகிறது. இடையில் ஒன்றை நீக்கினால் பின்வருவன அனைத்தின் அடையாளங்களும் மாறும். பழைய தொடரை முன்பே பெற்றவர்களின் படிகளோடு முரண்படும். ஆகவே, பலர் பகிரும் கிளையில் தவறான கமிட்டை அழிப்பதில்லை. அதற்கு நேரெதிரான புதிய கமிட் ஒன்றைச் சேர்க்கின்றனர். இதுவே ரிவர்ட். பேரேட்டில் தவறான பதிவை அடிக்காமல் எதிர்ப்பதிவு இடும் கணக்கர் மரபை இது ஒத்தது.

சிக்கல் மெர்ஜில் எழுகிறது. பழுதுள்ள கிளை ஒன்று முதன்மைக் கிளையோடு இணைக்கப்பட்டு, பின்னர் அந்த மெர்ஜ் ரிவர்ட் செய்யப்படுகிறது. கிளையில் பிழையைத் திருத்தி மீண்டும் இணைத்தால், புதிய திருத்தம் மட்டுமே வந்து சேர்கிறது. அதற்கு அடிப்படையான பழைய வேலை வருவதில்லை. எச்சரிக்கையும் எழுவதில்லை. பழைய கமிட்டுகள் முன்பே இணைந்துவிட்டன என்றே கிட் கொள்கிறது.

2008 டிசம்பரில் டோர்வால்ட்ஸும் கிட்டின் பராமரிப்பாளர் ஜூனியோ ஹமானோவும் அளித்த விளக்கம் கிட் ஆவணங்களில் இடம்பெற்றது. மெர்ஜை ரிவர்ட் செய்வது உள்ளடக்கத்தை மட்டுமே திரும்பப் பெறுகிறது. இணைப்பு நிகழ்ந்த வரலாறு நிலைத்திருக்கிறது. எனவே, அதே கிளையைத் தொடர்பவர் முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தல் வேண்டும். கிளையை முற்றிலும் புதிய கமிட்டுகளாக எழுதியவருக்கு அது தேவையில்லை. செய்தால் ஒரே வேலை இருமுறை வந்து மோதும்.

எவ்வழி பொருந்தும் என்பதைத் தீர்மானிக்க, முதல் ரிவர்ட்டின் காரணம் தெரிந்திருக்க வேண்டும். கிட் தானே எழுதும் குறிப்போ எந்தக் கமிட் திரும்பப் பெறப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. ஏன் என்பதை மனிதர்தாம் எழுத வேண்டும். அவர் எழுதாவிடில், நிகழ்ச்சி பதிவில் எஞ்சும். அதன் பொருள் தொலைந்துபோகும்.