இலங்கையின் முதல் அரசியலமைப்பு ஏன் நிலைக்கவில்லை?

மாணவ நண்பர்களே, நாம் விடுதலை பெற்ற ஆறு மாதங்களுக்குள், 1948 பிப்ரவரி 4-ஆம் தேதி, இலங்கையும் சுதந்திர நாடாயிற்று. அந்நாளில் இலங்கையைப் பாக்கியசாலி நாடென்றே பலரும் கருதினர். பிரிவினை இல்லை, இரத்தம் சிந்தவில்லை, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அங்கே 1931-லேயே வந்துவிட்டது. அத்தகைய நாட்டின் முதல் அரசியலமைப்பு இருபத்து நான்கே ஆண்டுகளில், 1972-இல், முற்றாகக் கைவிடப்பட்டது. காரணம் யாது?

அமெரிக்காவின் முதல் அமைப்பும் நீடிக்கவில்லை என்பதைச் சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1781-இல் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டில் மத்திய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. எட்டாண்டுகளில் அது மறைந்தது. அங்கே மத்திய அரசு வலுவிழந்து கிடந்தது. இலங்கையிலோ வலுவான அரசைத் தடுத்து நிறுத்த வழியில்லாமல் போயிற்று.

இலங்கையின் அரசியலமைப்பைச் சோல்பரி அமைப்பு என்பர். சோல்பரி பிரபுவின் தலைமையில் 1944 டிசம்பரில் வந்த குழு விசாரணை நடத்தியது. டி. எஸ். சேனநாயகாவும் அவர்தம் சக மந்திரிகளும் ஐவர் ஜென்னிங்ஸ் என்னும் சட்ட அறிஞரின் துணையுடன் முன்னரே ஒரு நகலைத் தயாரித்திருந்தனர். இறுதியில் 1946-இல் பிரிட்டிஷ் மன்னரின் ஆணையாக அது பிறந்தது. மக்கள் பிரதிநிதிகள் கூடிய நிர்ணய சபை எதுவும் அதனை வாதித்து இயற்றவில்லை. நம் நாட்டிலோ நிர்ணய சபை ஏறத்தாழ மூன்றாண்டுகள் அமர்ந்து வாதித்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி வகித்த கவர்னர் ஜெனரல் பதவி 1950 ஜனவரி 26-ஆம் தேதியோடு முடிந்தது. இலங்கையில் அப்பதவி 1972 வரை நீடித்தது.

அந்நியர் தந்த சட்டமாதலால் அது நிலைக்கவில்லை என்று சிலர் கூறுவர். அது பாதி உண்மையே. மீதிப் பாதி 29-ஆம் ஷரத்தில் இருக்கிறது.

சிறுபான்மையோருக்குச் சம பிரதிநிதித்துவம் வேண்டுமென ஜி. ஜி. பொன்னம்பலம் குழுவின் முன் வாதாடினார். குழு அதனை ஏற்கவில்லை. ஈடாக இரண்டு பாதுகாப்புகள் அமைந்தன. ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் தடை விதிக்கும் சட்டத்தையும், ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையும் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றது 29-ஆம் ஷரத்து. அமைப்பைத் திருத்த மூன்றில் இரு பங்கு உறுப்பினர் ஆதரவு வேண்டும். தொகுதிகளை வகுக்கும்போது 75,000 மக்களுக்கு ஓர் இடமும், ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் இடமும் கணக்கிடப்பட்டமையால், சிறுபான்மையோர் போதிய இடம் பெற்று அந்த இரு பங்கைத் தடுப்பர் என்பது எதிர்பார்ப்பு.

சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் யார்? திருச்சி, மதுரை மாவட்டங்களிலிருந்தும், எங்கள் சிங்காரப்பேட்டை அக்காலத்தில் சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்திலிருந்தும் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்களும் அவர்தம் சந்ததியினருமே. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிரூபிக்கச் சொன்னது. லயங்களில் வாழ்ந்த கூலித் தொழிலாளியிடம் அதற்கு ஏது பத்திரம்? 1949-இல் வந்த மற்றொரு சட்டத்தின்படி எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் வந்தன. பிரஜாவுரிமை கிடைத்தவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. அவ்வாண்டே தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதார் வாக்கிழந்தனர். 1952 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஓர் இடமும் பெறவில்லை.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. தொகுதிகளை வகுக்கையில் வாக்கிழந்த அத்தொழிலாளரும் மக்கள்தொகையில் சேர்த்தே எண்ணப்பட்டனர். ஆகவே அவர்களின் தலைக்கணக்கால் மலைநாட்டுக்குக் கிடைத்த இடங்கள் மற்றவர் வாக்கால் நிரம்பின. அரசியலமைப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதன் பாதுகாப்பு மட்டும் கரைந்துபோயிற்று. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. தன் பிரஜைகள் யாவரென வரையறுப்பது சட்டசபையின் உரிமை. அதனால் 29-ஆம் ஷரத்து மீறப்படவில்லை என்று 1953-இல் தீர்ப்பாயிற்று. பொன்னம்பலம் 1948-லேயே மந்திரிசபையில் சேர்ந்துவிட்டார். அதனை ஏற்காத எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அடுத்தவன் உரிமைதானே போகிறது என்று வாளாவிருந்தவர்களை நான் எளிதில் மன்னிக்க மாட்டேன்.

அவர்கள் முறையும் விரைவில் வந்தது. 1956-இல் பண்டாரநாயகா அரசு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. அவரே 1957-இல் செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தம் மறு ஆண்டே கிழிந்தது, கலவரம் மூண்டது. கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுத்தருக்குச் சிங்களத் தேர்ச்சி இல்லையென்று சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. அவர் வழக்காடினார். அம்மொழிச் சட்டமே 29-ஆம் ஷரத்துக்கு முரணானது, செல்லாது என்று 1964-இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மீது வழக்குத் தொடரவே முடியாதென உச்ச நீதிமன்றம் 1967-இல் அதனைத் தள்ளியது. தொடரலாம் என்று 1969-இல் பிரிவி கவுன்சில் கூறி, மூலக் கேள்வியைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை வரவில்லை. 1971-இல் பிரிவி கவுன்சிலுக்கு முறையிடும் உரிமை நீக்கப்பட்டது. அவ்வாண்டே செனட் சபையும் ஒழிந்தது.

1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயகாவின் கூட்டணி 151 இடங்களில் 116 பெற்றது. மூன்றில் இரு பங்கு கைக்கு வந்தும், பழைய அமைப்பைத் திருத்தும் வழியை விட்டு, புதிய நிர்ணய சபையைக் கூட்டினர். மந்திரியாக இருந்து அதனை வகுத்தவர் கொல்வின் ஆர். டி சில்வா, 1956-இல், ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று பாராளுமன்றத்திலேயே எச்சரித்தவர் அவர். 1971-இல் தமிழரசுக் கட்சி அச்சபையிலிருந்து வெளியேறியது. 1972 மே 22-ஆம் தேதி குடியரசு பிறந்தபோது 29-ஆம் ஷரத்து அதில் இல்லை. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்பதும், புத்த சமயத்துக்கு முதன்மை இடம் என்பதும் அமைப்பிலேயே எழுதப்பட்டன. நிறைவேறிவிட்ட சட்டம் செல்லாதென்று கூறும் உரிமை நீதிமன்றங்களுக்கு இல்லாமற் போயிற்று. அந்தக் குடியரசு அமைப்பும் ஆறே ஆண்டுகளில் மாற்றப்பட்டது.

தமிழும் ஓர் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது 1987-இல். பிரஜாவுரிமையின்றி எஞ்சியிருந்த இந்திய வம்சாவளித் தமிழருக்கு அதனை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003-இல். அதற்குள் லட்சக்கணக்கானோர் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி கப்பலேறி இக்கரை சேர்ந்திருந்தனர். பின்னர் நடந்த போரினால் அகதிகளாக வந்தோரின் முகாம்கள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அமைந்தன.