‘டைஹார்ட்’: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

முன்னுரை

மாற்றத்தை இறுதிவரை எதிர்ப்பவரைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகளுள் ‘டைஹார்ட்’ என்பதும் ஒன்று. எளிதில் மடியாமை என்னும் நேர்ப்பொருளிலிருந்து கொள்கைப் பிடிவாதம் என்னும் பொருளுக்கு இச்சொல் நகர்ந்துள்ளது. அந்நகர்வை மூன்று களங்களில் காணலாம்.

தூக்குமேடை

பிரான்சிஸ் குரோசின் கொச்சைச்சொல் அகராதியை அடியொற்றி 1811இல் வெளிவந்த பதிப்பு, தூக்குமேடையில் அச்சமோ குற்றத்திற்கு வருந்துதலோ காட்டாது இறத்தலை இத்தொடரின் பொருளாகத் தருகிறது. கூட்டாளிகளைக் காட்டிக்கொடாமையும் அதில் அடங்கும். குற்றவாளிகளிடையே பெருமையாகக் கருதப்பட்ட இது, சட்டத்தின் பார்வையில் திருந்தாமையே ஆகும்.

போர்க்களம்

அதே ஆண்டு மே 16 அன்று ஸ்பெயினின் அல்புவேராவில் பிரெஞ்சுப் படையைப் பிரித்தானியர் உள்ளிட்ட கூட்டுப்படை எதிர்கொண்டது. 57ஆம் காலாட்படைப் பிரிவின் தளபதி வில்லியம் இங்கிலிஸ், படுகாயமுற்ற நிலையிலும் களம் விட்டகலாது, இத்தொடரைக் கூறி வீரர்களை ஊக்கினார் என்பது மரபுச்செய்தி. அப்பிரிவினருள் பாதிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். அதன்பின் இத்தொடரே அப்பிரிவின் பட்டப்பெயராயிற்று.

நாடாளுமன்றம்

1909ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் அவை நிராகரித்ததையடுத்து, அவ்வவையின் தடுப்பதிகாரத்தைக் குறைக்கும் மசோதா கொண்டுவரப்பட்டது. புதிய பிரபுக்களை நியமித்துப் பெரும்பான்மை பெற அரசு ஆயத்தமான பின்னும், ஹால்ஸ்பரி பிரபுவின் தலைமையில் ஓரணி பணிய மறுத்தது. அவ்வணியினர் ‘டைஹார்டுகள்’ எனப்பட்டனர். 1911 ஆகஸ்ட் 10 அன்று 131க்கு 114 என்னும் வாக்குகளில் மசோதா நிறைவேறியது. 1930களில் இந்தியாவுக்கான அரசியல் சீர்திருத்தத்தை எதிர்த்த சர்ச்சில் உள்ளிட்ட கன்சர்வேட்டிவ் கட்சியினரும் இப்பெயராலேயே சுட்டப்பட்டனர். அவர்கள் எதிர்த்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான் 1937இல் சென்னை மாகாணத் தேர்தல் நடைபெற்றது.

முடிவுரை

மூன்று களங்களிலும் பணியாமை என்னும் அடிப்படைப் பொருள் மாறவில்லை. அதன் மீதான மதிப்பீடே மாறியது. அல்புவேராவில் உறுதிக்கான விலையை உறுதி கொண்டவரே செலுத்தினர். இந்தியச் சீர்திருத்த எதிர்ப்பிலோ அவ்விலை ஆளப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட இருந்தது. எனவே, காலனியக் கால ஆவணங்களைத் தமிழாக்குவோர் இச்சொல்லுக்கு எல்லா இடத்தும் ‘உறுதிமிக்க’ என்றோ ‘பிடிவாதமான’ என்றோ ஒரே நிகரனை ஆளுதல் பொருந்தாது. சொன்னவர் யார், எவரைச் சொன்னார் என்பதை ஆராய்ந்த பின்னரே நிகரனைத் தெரிவு செய்தல் வேண்டும்.