யாருக்கு நெய்யுறோம்?

ரொம்ப நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கமே தலை காட்டலை. இன்னைக்கு கொஞ்சம் சொந்தக் கதை, கொஞ்சம் வரலாறு. மொக்கையா இருந்தா மன்னிச்சு விட்டுடுங்க.

நான் குடியிருக்கிறது அனகாபுத்தூர்ல. பல்லாவரம் பக்கம், அடையாறு ஓரமா இருக்கிற நெசவாளர் ஊர். (வாழைநார்ப் புடவைன்னு பேப்பர்ல படம் போடுவாங்களே, அதே ஊர்தான்.) வீட்டு ஓனர் தாத்தா பழைய நெசவாளி. போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்குப் பொட்டி தட்டி முடிச்சு, தொங்கின மூஞ்சியோட வந்தேன். "என்ன தம்பி, வேலை போயிடுச்சா?"ன்னார்.

வேலை போகலை. எங்க டீம்ல ஏழு பேர். ஒரே மாசத்துல ரெண்டு பேர் பேப்பர் போட்டுட்டாங்க. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "டீமுக்கு ஒரு பொது நோக்கம் இல்லைப்பா. நீ நல்லா எழுதுவியே, ஒரு விஷன் ஸ்டேட்மென்ட் எழுது, போஸ்டர் அடிச்சு ஒட்டிடலாம்"னுட்டார். எங்க மென்பொருள் கடல் தாண்டி ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில பில் போடுது. அதைப் பயன்படுத்துற ஒரு ஆளைக்கூட மூணு வருஷத்துல நாங்க பார்த்ததில்லை. டிக்கெட் வரும், மூடுவோம், அடுத்தது வரும். இதுக்கு என்ன விஷன் எழுத?

தாத்தாகிட்ட இதையெல்லாம் புலம்பினேன். "நாங்களும் அப்படித்தான் தம்பி கைக்குட்டை நெய்தோம்"னார்.

இங்க ஒரு கொசுவத்தி சுத்திக்கிறேன். அவர் சொன்ன கைக்குட்டை மூக்கு துடைக்கிறது இல்லை. 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்'னு ஏற்றுமதிச் சந்தையில பேர் வாங்கின கட்டம் போட்ட பருத்தித் துணி. மெட்ராஸைச் சுத்தியிருந்த நெசவு ஊர்கள்ல இருந்து ஐரோப்பிய வியாபாரிகள் மூலமா மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பல தலைமுறையா போனது. 1970கள்ல அனகாபுத்தூர் தறிகள்ல நெய்ததும் பெரும்பாலும் நைஜீரியாவுக்குத்தான். அந்த நாட்டுல இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் ஆர்டர் நின்னுபோய், தறிக்காரங்க வேற துணிக்கும் வேற வேலைக்கும் மாறினாங்க.

"அங்க அதை என்ன பண்ணாங்க தாத்தா?"

"யாருக்குத் தெரியும்? போகுதுன்னு சொல்வாங்க. அவ்வளவுதான்."

நான் செல்போன்ல தேடிக் காட்டினேன். நைஜர் ஆத்துக் கழிமுகத்துல கலபாரின்னு ஒரு இனம். அவங்க இந்தத் துணியை 'இன்ஜிரி'ன்னு சொல்றாங்க. பெட்டியில பூட்டி வெச்சு அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிற குடும்பச் சொத்து அது. பெண்கள் கட்டத்துல இருந்து சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, புதுசா ஒரு டிசைனே உண்டாக்குவாங்க. பெரியவங்க இறந்தா, அந்த வீட்டுக் கட்டிலை இந்தத் துணியாலயும் அலங்காரம் பண்ணுவாங்க.

தாத்தா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவா, "கஞ்சி சரியா ஏறாத பாவுல நெய்த பீஸை எல்லாம் அப்படியே தள்ளிவிட்டிருக்கேன் தம்பி. கேக்க யாரு இருக்கான்னு"ன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நான் மூடின டிக்கெட்ல பாதி அப்படித்தான்.

யாருக்குன்னு தெரிஞ்சு வேலை செஞ்ச டீமுக்கு உதாரணம் தேடினப்ப, நம்ம வீட்டுலயே ஒண்ணு இருந்தது: மதுரைத் திட்டம். நான் நடை பழகிட்டிருந்த காலத்துல, 1998 பொங்கலுக்குத் தொடங்கினது. முன்னாடி நின்னவர் சுவிட்சர்லாந்து லோசான்ல வேதியியல் ஆராய்ச்சி செஞ்ச கு. கல்யாணசுந்தரம். அமெரிக்காவுல 1971லயே மைக்கேல் ஹார்ட் ஆரம்பிச்ச குட்டன்பர்க் திட்டம் மாதிரி, தமிழ் இலக்கியத்தை இலவசமா மின்னூலாக்கணும்னு கிளம்பினாங்க. சம்பளம் கிடையாது, ஆபீஸ் கிடையாது. ஒருத்தரை ஒருத்தர் நேர்ல பார்க்காதவங்க பல நாட்டுல இருந்து தட்டச்சு செஞ்சாங்க. முதல் மின்னூல் திருக்குறள்.

அவங்களுக்குள்ள எல்லாம் ஒரே கருத்தான்னா, அதுவும் இல்லை. அந்தக் காலத்துல ஃபான்டுக்கு ஒரு குறியீடு. கல்யாணசுந்தரமே உண்டாக்கி இலவசமா கொடுத்த மயிலை எழுத்துருவுல ஆரம்பிச்சாங்க. இணையத் தமிழர்கள் மடலாடி மடலாடி திஸ்கியை உருவாக்கினாங்க. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டுல அரசு டாம், டாப் பக்கம் போச்சு. எந்தக் குறியீடு சரின்னு வருஷக்கணக்குல குடுமிப்பிடி சண்டை. மதுரைத் திட்டம் மயிலையில இருந்து திஸ்கி, அப்புறம் யூனிகோட்னு மாறிக்கிட்டே வேலையை நிறுத்தாம போச்சு. கருவி மாறினா உடையாத ஒண்ணு அவங்ககிட்ட இருந்தது. எங்கயோ ஒரு தமிழன் காசில்லாம இதைப் படிக்கப் போறான்னு எல்லாருக்கும் தெரியும். படிக்கப் போற அந்த ஆள் பெரும்பாலும் அவங்களேதான்!

இன்னொண்ணு. எந்த மின்னூலைத் திறந்தாலும் மேலேயே யார் உள்ளிட்டாங்க, யார் மெய்ப்பு பார்த்தாங்கன்னு பேர் இருக்கும். முகப்புப் பக்கத்தை மாத்தாம வெச்சா நூலை யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்ங்கிறதுதான் நிபந்தனை. பின்னாடி ஆள் குறைஞ்சப்ப ஸ்கேன் செஞ்ச பக்கங்களைப் பிரிச்சுக் கொடுத்து மெய்ப்பு பார்க்க வெச்சாங்க. பத்துப் பக்கம் திருத்தினவரோட பேரும் இருக்கும். தாத்தா நெய்த கைக்குட்டையில அவர் பேர் இல்லை, அதை உடுத்தினவங்க பேர் அவருக்குத் தெரியாது. எங்க டீமும் அதே கதைதான்.

விஷன் ஸ்டேட்மென்ட் எழுதலை. மேனேஜர்கிட்ட அதுக்குப் பதிலா ஒண்ணு கேட்டேன்: அந்த ஆஸ்பத்திரியில பில் போடுறவங்களை ஒரு மணி நேரம் வீடியோவுல பார்க்கணும், டீம் மொத்தமும். முனகிக்கிட்டே ஏற்பாடு செஞ்சார்.

ஒரு அம்மா பில் போட்டாங்க. பக்கத்துலயே ஒரு நோட்டு. எல்லாத்தையும் முதல்ல அதுல எழுதிட்டுத்தான் ஸ்கிரீன்ல அடிக்கிறாங்க. ஏன்னு கேட்டோம். "உங்க ஸ்கிரீன் பாதியில என்னை வெளியே தள்ளிடும்"னாங்க. அந்த டிக்கெட் எங்ககிட்ட மூணு தடவை வந்தது. 'பயனர் தவறு'ன்னு மூணு தடவையும் மூடியிருக்கோம். அதுல ஒண்ணு நான்.

அன்னைக்குச் சாயங்காலம் யாரும் சொல்லாமலே நாலு பேர் அதுல உக்காந்தாங்க. ரெண்டு வாரத்துல சரியாச்சு. வெளியீட்டுக் குறிப்புல யார் எழுதினது, யார் சோதிச்சதுன்னு பேர் போட்டோம், மதுரைத் திட்டம் பாணியில. பேப்பர் போட்ட ரெண்டு பேரும் போயிட்டாங்க, அதை மாத்த முடியலை. ஆனா "இதை யார் பயன்படுத்துறாங்க?"ங்கிற கேள்வி இப்ப மீட்டிங்ல அடிக்கடி வருது.

தாத்தாகிட்ட சொன்னேன். "அந்த அம்மா நோட்டைத் தூக்கிப் போட்டாங்களா?"ன்னு கேட்டார்.

அடுத்த வாரம் கேட்டுச் சொல்றேன்னேன்.

டிஸ்கி: போஸ்டர் ஒட்ட வெச்சிருந்த சுவர் இன்னும் காலியாத்தான் இருக்கு. :)